அமிகா 1200-ல ஆக்ஸிலரேட்டர் போர்டு பத்திரமா மாட்டறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்ஸிலரேட்டர் போர்டுன்னா என்ன, அது எங்க போய் உக்காரும்?

கமோடோர் கம்பெனி 1992 அக்டோபர்ல விட்ட ஹோம் கம்ப்யூட்டர் அமிகா 1200-ல இருக்கறது மோட்டோரோலா 68இசி020 ப்ராசஸர், பால் (PAL டிவி முறை) மாடல்ல 14.18 மெகாஹெர்ட்ஸ். அது மதர்போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும், கழட்டி வேற மாத்த முடியாது. ஆனா மெஷினைக் கவுத்துப் போட்டா அடியில ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத்தான் ட்ராப்டோர்னு சொல்றோம். அதைத் திறந்தா மதர்போர்டோட ஓரத்துல 150 பின் எட்ஜ் கனெக்டர் தெரியும். வேகமான ப்ராசஸரும் ரேமும் இருக்கற போர்டை அதுல சொருகினா, பழைய 68இசி020-ஐ (சுருக்கமா 020) ஓரமா நிறுத்திட்டு புதுசு வேலையை எடுத்துக்கும். கேஸைத் திறக்காமலே மாட்டலாம்னு கம்பெனியே யோசிச்சு வச்ச இடம் இது.

நிஜமாவே அவ்ளோ வித்தியாசம் தெரியுமா?

தெரியும், நல்லாவே தெரியும். காரணம் ப்ராசஸர் மட்டும் இல்ல. 1200 வர்றப்ப அதுல 2 எம்பி சிப் ரேம் மட்டும்தான் இருக்கும். அந்த ரேமை படம் காட்டற சிப்பு, சவுண்டு சிப்பு எல்லாம் ப்ராசஸரோட பங்கு போட்டுக்கும், அதனால ப்ராசஸர் பாதி நேரம் தன் முறை வரட்டும்னு காத்துட்டேதான் இருக்கும். ப்ராசஸரை மாத்தாம, யாரும் பங்கு கேக்காத ஃபாஸ்ட் ரேம் மட்டும் சேத்தாலே ஏறக்குறைய ரெட்டிப்பு வேகம் கிடைக்கறது அதனாலதான். அமிகாவோட டெஸ்க்டாப்பான ஒர்க்பெஞ்சைத் திறந்து நாலு வேலை பண்ணணும், அவ்ளோதான்னா 8 எம்பி ரேம் போர்டு ஒண்ணே போதும்னு நான் சொல்லுவேன், காசும் மிச்சம் சூடும் இல்ல.

எந்த போர்டு நல்லது?

என் ஓட்டு 68030 போர்டுக்குத்தான், 50 மெகாஹெர்ட்ஸ். ஜெர்மனியோட ஃபேஸ்5 கம்பெனி விட்ட பிளிஸ்ஸார்ட் 1230 மார்க் 4 இன்னிக்கும் மதிப்போட இருக்கறதுக்குக் காரணம் உண்டு, சூடு கம்மி, கரண்ட் கம்மி, சாஃப்ட்வேர் தகராறு கம்மி. புதுசா தயாராகறதுல இண்டிவிஜுவல் கம்ப்யூட்டர்ஸோட ஏசிஏ வரிசை இருக்கு, டெரிபிள்ஃபயர் டிசைன்ல வர்ற டிஎஃப்1230, டிஎஃப்1260 இருக்கு. 68040, 68060 போர்டு வேகம்தான், ஆனா பவர், சூடு, லைப்ரரி ஃபைல் (கீழ சொல்றேன்) மூணையும் நீங்க கவனிச்சுக்கணும். முதல் தடவை மாட்டறவங்க 030-லேர்ந்து ஆரம்பிங்க.

போர்டு ஆர்டர் பண்ணப் போறேன். அதுக்கு முன்னாடி மெஷின்ல ஏதாவது பாக்கணுமா?

இந்தப் பக்கத்துல எதையாவது ஒண்ணைத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க. ஆக்ஸிலரேட்டர் மாட்டி மெஷின் செத்துப்போச்சுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு போர்டுல கோளாறே இருக்காது, மெஷின் ஏற்கெனவே உள்ளுக்குள்ள நோயாளியா இருந்திருக்கும், போர்டு வந்து கூடுதலா கரண்ட் இழுத்ததும் அது வெளிய வந்திருக்கும்.

1200 மதர்போர்டுல சின்னச் சின்ன அலுமினிய டப்பா மாதிரி எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருங்க மேலாப்ல சால்டர் பண்ணியிருக்கும். முப்பது வருஷம் தாண்டின பொருள், பெரும்பாலான மெஷின்ல அது கசிஞ்சிருக்கும் இல்ல கசிய ஆரம்பிச்சிருக்கும். கசியற திரவம் பக்கத்துல இருக்கற காப்பர் ட்ராக்கை அரிச்சுடும், சால்டர் மங்கிப்போய் சாம்பல் நிறமா ஆயிடும், சால்டரிங் அயர்ன் வச்சா மீன் நாத்தம் மாதிரி ஒரு வாடை வரும், அந்த வாடை வந்தா சந்தேகமே வேணாம், கசிஞ்சாச்சு. சவுண்டு ஒரு பக்கம் மட்டும் கம்மியா வர்றது இல்ல கரகரன்னு வர்றது முதல் அறிகுறி, ஆனா அறிகுறியே இல்லாமலும் கசிஞ்சிருக்கும், அதனால திறந்து பாக்கறதுதான் ஒரே வழி.

கசிஞ்சிருந்தா எல்லா எலக்ட்ரோலைட்டிக்கையும் ஒண்ணா மாத்திடுங்க, ஒண்ணு ரெண்டு மட்டும் மாத்தறது வேஸ்ட். பழைய கெப்பாசிட்டரை முறுக்கிப் பிடுங்கற வீடியோ நிறைய சுத்துது, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, கசிஞ்ச போர்டுல பேடு (சால்டர் ஒட்டற காப்பர் திட்டு) ஏற்கெனவே பலவீனமா இருக்கும், முறுக்கினா பேடோட சேந்து வந்துடும். சர்ஃபேஸ் மவுண்ட் வேலை பழக்கமில்லன்னா மொபைல் போர்டு சர்வீஸ் பண்றவங்ககிட்ட குடுங்க, அவங்க கை இதுல நல்லா பழகியிருக்கும். மாத்தினப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு அந்த இடத்தைச் சுத்தமா கழுவி, நல்லா காய விட்டு, அதுக்கப்புறம் போர்டு எதுவும் இல்லாமலே மெஷினை ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டிப் பாருங்க. அது நிக்காம ஓடினாத்தான் ஆக்ஸிலரேட்டர் பத்தி யோசிக்கணும்.

மெஷினோட வந்த பவர் பிரிக்கே (வெளிய இருக்கற பவர் சப்ளை பெட்டி) போதுமா?

030 போர்டுன்னா சில சமயம் போதும், 040, 060-ன்னா போதாதுன்னே வச்சுக்கோங்க. 1200-ஓட வந்த லேசான பிரிக்ல 5 வோல்ட் லைனுக்கு 3 ஆம்பியர்தான் போட்டிருக்கும். அதுல மதர்போர்டு, ஃப்ளாப்பி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான். அதனாலதான் நிறைய பேர் அமிகா 500-ஓட வந்த கனமான பழைய பிரிக்கைத் தேடி வாங்கி மாட்டினாங்க, அதே சதுர பிளக்தான், 5 வோல்ட்ல 4.5 ஆம்பியர் வரைக்கும் குடுக்கறது அதுல உண்டு. 500-க்கும் பல விதமா பிரிக் வந்துச்சு, அதனால கையில தூக்கிப் பாத்து முடிவு பண்ணாம லேபிளைப் படிங்க.

ஆனா அந்தக் கனமான பிரிக்குக்கும் இப்ப வயசாச்சு. அதுக்குள்ளயும் கெப்பாசிட்டர்தான் இருக்கு. இப்ப புதுசா செஞ்சு விக்கற பவர் சப்ளை கிடைக்குது, போர்டுக்கு செலவு பண்றவங்க முதல்ல அதுக்கு செலவு பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன்.

எது வச்சிருந்தாலும் மல்டிமீட்டர் வச்சு அளந்து பாருங்க. பிரிக்கோட பிளக்ல சும்மா அளந்தா அழகா 5 வோல்ட் காட்டும், அதை நம்பாதீங்க, லோடு இருக்கறப்ப அளக்கணும். மெஷின் ஓடிட்டு இருக்கறப்ப ஃப்ளாப்பி டிரைவுக்குப் போற பவர் கனெக்டர்ல அளங்க. 5-க்குப் பக்கத்துல இருக்கணும், 4.75-க்குக் கீழ இறங்கினா மெஷின் கண்டபடி தொங்க ஆரம்பிக்கும். போர்டு மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மாட்டினப்புறம் ஒரு தடவை அளந்து ரெண்டையும் எழுதி வச்சுக்கோங்க, வித்தியாசம் எவ்ளோன்னு பாத்தாலே பிரிக் திணறுதா இல்லையான்னு தெரிஞ்சுடும். அளக்கறப்ப மீட்டர் முனை வழுக்கி 12 வோல்ட் பின்னையும் 5 வோல்ட் பின்னையும் ஒண்ணா தொட்டுடக் கூடாது, அது ரொம்ப முக்கியம்.

அமெரிக்காவுலேர்ந்து சொந்தக்காரங்க கொண்டு வந்த 1200. இங்க அப்படியே சொருகலாமா?

கூடாது. அந்த பிரிக் அங்கத்த 110-120 வோல்ட்டுக்கு செஞ்சது, நம்ம 230 வோல்ட்ல சொருகினா அதோட கதை முடிஞ்சுது. 230 வோல்ட் பிரிக் தனியா வாங்கிடுங்க. மெஷினுக்கு உள்ள போறது எப்படியும் டிசி தான், அதனால மெஷின்ல எதுவும் மாத்த வேணாம்.

யூஸ்டு போர்டு வாங்கறப்ப எதைப் பாக்கணும்?

ரெண்டு பக்கமும் தெளிவான ஃபோட்டோ கேளுங்க. கடிகாரத்துக்கு ரீசார்ஜ் ஆகற பேட்டரி வச்ச பழைய போர்டுங்க நிறைய இருக்கு, அந்த பேட்டரி கசிஞ்சா பச்சை பச்சையா பூத்து சுத்தியிருக்கற ட்ராக் எல்லாம் போயிடும். பேட்டரியைச் சுத்தி பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிஞ்சா விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும் யோசிங்க. நல்ல நிலைமையில வந்தாலும் முதல் வேலையா அந்த பேட்டரியைக் கட் பண்ணி எடுத்துடுங்க. நேரம் மட்டும் நினைவு வச்சுக்காது, மத்ததெல்லாம் ஓடும்.

68060-ல இன்னொரு வம்பு இருக்கு. மேல இருக்கற எழுத்தைச் சுரண்டிட்டு புதுசா எழுதி, எஃப்பியு (தசமக் கணக்கு போடற பகுதி) இல்லாத எல்சி சிப்பை முழு 060-ன்னு விக்கறாங்க, பழைய ரிவிஷனை ரிவிஷன் 6-ன்னு விக்கறாங்க. ரிவிஷன் 6-ஓட மாஸ்க் நம்பர் 71ஈ41ஜே, அதைத்தான் எல்லாரும் தேடறாங்க, சூடு கம்மி, அதிக க்ளாக்கைத் தாங்கும், அதனாலயே போலியும் அதுலதான் அதிகம். சிப்போட மேல்பாகம் அளவுக்கு மீறி பளபளன்னு புதுசா இருந்தா உஷாரா இருங்க. விக்கறவர்கிட்ட சிஸ்இன்ஃபோ (மெஷினோட விவரம் காட்டற புரோகிராம்) ஸ்க்ரீன் ஃபோட்டோ கேளுங்க, எஃப்பியு இருக்கா எம்எம்யு (மெமரியை நிர்வகிக்கற பகுதி) இருக்கான்னு அதுல வந்துடும்.

போர்டுல போடற ரேம் எது?

பிளிஸ்ஸார்ட் மாதிரி போர்டுக்கு 72 பின் சிம் (ரேம் சிப்பு இருக்கற சின்ன போர்டு) போதும், பழைய 486, பென்டியம் மெஷின்ல இருந்ததே. 60 நானோசெகண்டுன்னு போட்டதா பாத்து வாங்குங்க. ரெண்டு பக்கமும் சிப் இருக்கற தடி சிம் வாங்கினா ட்ராப்டோர் மூடி மூடாம போகலாம். ஜிவிபி கம்பெனி போர்டு வச்சிருக்கறவங்க கவனம், அவங்க 64 பின்ல தனக்குன்னு ஒரு சிம் வச்சிருந்தாங்க, சாதாரண சிம் அதுல ஏறாது. எந்த சிம்மா இருந்தாலும் போர்டை மெஷின்ல சொருகறதுக்கு முன்னாடியே மாட்டிடணும், உள்ள போனப்புறம் கை நுழையாது.

ஸ்டாட்டிக் ஸ்டாட்டிக்னு பயமுறுத்தறாங்களே, அவ்ளோ ஆபத்தா?

ஆபத்துதான், கண்ணுக்குத் தெரியாததால அலட்சியமா இருக்கோம். ரிஸ்ட் ஸ்ட்ராப் விலை ஒண்ணும் பெருசில்ல, வாங்கிடுங்க. அது இல்லன்னா எர்த் ஆன ஏதாவது பெயிண்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க, நடுவுல எழுந்து போயிட்டு வந்தா மறுபடி தொடுங்க. கார்ப்பெட் மேலயும் ஏசி ரூம்ல பாலியஸ்டர் துணியோடயும் இந்த வேலை வேணாம். இன்னொண்ணு, வெள்ளி நிற ஆன்டி ஸ்டாட்டிக் கவர் இருக்கே, அது கரண்டைக் கடத்தும். போர்டை எடுத்து வைக்க நல்லது, ஆனா அது மேல மதர்போர்டை வச்சு பவர் ஆன் பண்ணாதீங்க.

சரி, மாட்டறது எப்படி? வரிசையா சொல்லுங்க.

பவர் பிளக்கை மெஷின்லேர்ந்து கழட்டுங்க, பிரிக்கோட ஸ்விட்சை ஆஃப் பண்றது மட்டும் போதாது. மானிட்டர், மவுஸ், ஃப்ளாப்பி கேபிள் எல்லாத்தையும் உருவிட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. கனமான துணியை மேஜையில மடிச்சுப் போட்டு அது மேல மெஷினைக் கவுத்துங்க, கீபோர்டு கீ எல்லாம் அமுங்காம பாத்துக்கணும்.

ட்ராப்டோர் மூடியோட க்ளிப்பை அழுத்தித் தூக்குங்க, பழைய பிளாஸ்டிக் உடைஞ்சுடும், பொறுமையா பண்ணுங்க. இப்ப எட்ஜ் கனெக்டர் தெரியும், தங்கமுலாம் பூசின விரல் விரலா இருக்கும். நூல் விடாத துணியில ஐசோப்ரொபைல் தொட்டு ரெண்டு பக்கமும் துடைங்க. அழிரப்பர் வச்சுத் தேய்ச்சா பளிச்சுன்னு வரும்தான், ஆனா அந்த முலாம் ரொம்ப மெல்லிசு, தேய்ச்சுத் தேய்ச்சு அதுவே போயிடும், அதனால நான் அதைச் சொல்ல மாட்டேன்.

போர்டை ஓரத்துல பிடிச்சு ட்ராப்டோருக்குள்ள இறக்குங்க. போர்டுல இருக்கற சாக்கெட்டு மதர்போர்டோட எட்ஜுக்கு நேரா வரணும், ரெண்டு முனையும் ஒரே மட்டத்துல இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் ரெண்டு கட்டைவிரலால ரெண்டு முனையிலயும் சமமா தள்ளுங்க. ஒரு முனை முதல்ல ஏறிட்டா நிறுத்திட்டு வெளிய எடுத்து மறுபடி ஆரம்பிங்க, கோணலா ஏத்தினா சாக்கெட்டுக்குள்ள இருக்கற பின் மடங்கிடும். ப்ராசஸர் மேலயோ சிம் மேலயோ கைய வச்சுத் தள்ளவே கூடாது. முழுசா ஏறினா தங்க விரல் ரெண்டு முனையிலயும் ஒரே அளவுதான் வெளிய தெரியும்.

ரொம்ப இறுக்கமா இருக்கு, போகவே மாட்டேங்குது. பலமா தள்ளலாமா?

வேணாம். அடியிலேர்ந்து தள்ளறப்ப நீங்க போடற பலத்தை மதர்போர்டு தாங்குது, அது கேஸுக்குள்ள கொஞ்சம் வளையும், ஏற்கெனவே பழசான சால்டர்ல விரிசல் விடலாம். இந்த மாதிரி நேரத்துல கேஸைத் திறந்துடறதுதான் நல்லது. அடியில இருக்கற ஸ்க்ரூவைக் கழட்டி மேல்மூடியைத் தூக்கினா கீபோர்டு வரும், கீபோர்டோட ரிப்பன் கேபிள் பிளாஸ்டிக் தாள் மாதிரி மெல்லிசா இருக்கும், மடக்காதீங்க. அது சொருகற கனெக்டர்ல ஒரு லாக் இருக்கும், லாக்கை விடுவிச்சுட்டுத்தான் இழுக்கணும், அந்த ரிப்பன் கிழிஞ்சா கீபோர்டு மெம்ப்ரேனே புதுசு வேணும். ஷீல்டையும் எடுத்துட்டா மதர்போர்டை எதிர்ப்பக்கத்துலேர்ந்து ஒரு கையால தாங்கிட்டு இன்னொரு கையால போர்டைத் தள்ளலாம், பாதி பலத்துலயே ஏறிடும்.

மாட்டியாச்சு. முதல் தடவை ஆன் பண்றப்ப?

மூடியை மூடாதீங்க. ஹார்ட் டிஸ்க், பிசிஎம்சிஐஏ கார்டு (பக்கவாட்டு ஸ்லாட்ல சொருகறது) எதுவும் வேணாம், மானிட்டரை மட்டும் கனெக்ட் பண்ணி ஆன் பண்ணுங்க. டிஸ்க்கைப் போடச் சொல்ற கிக்ஸ்டார்ட் (ரோம்ல இருக்கற ஆரம்ப சாஃப்ட்வேர்) அனிமேஷன் வந்துட்டா பாதிக் கிணறு தாண்டியாச்சு. பத்து செகண்டுல எதுவும் வரலன்னா ஆஃப் பண்ணிடுங்க.

கலர் ஸ்க்ரீன் வந்தா அது என்ன சொல்லுதுன்னு படிக்கலாம். சிவப்புன்னா ரோம் படிக்கறதுல கோளாறு, பச்சைன்னா சிப் ரேம், மஞ்சள்னா ப்ராசஸர் ஆரம்பத்துலயே எங்கயோ இடறிடுச்சு. போர்டு மாட்டினதுக்கு அப்புறம்தான் இதெல்லாம் வருதுன்னா பெரும்பாலும் எட்ஜ் கனெக்டர் சரியா உக்காரல, கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டுங்க.

அனிமேஷன் வந்ததும் ஒர்க்பெஞ்ச் ஃப்ளாப்பியைப் போட்டு ஷெல்லைத் திறந்து சிபியூ கமாண்ட் அடிங்க, எந்த ப்ராசஸர்னு சொல்லும். அவெய்ல் கமாண்ட் அடிச்சா ஃபாஸ்ட் ரேம் எவ்ளோன்னு காட்டும். ரெண்டும் சரியா இருந்தா மெஷினை ஒரு மணி நேரமாவது ஓட விடுங்க, நடுநடுவுல தொட்டுப் பாருங்க, வோல்டேஜ் அளங்க.

ஓடுது, ஆனா நடுவுல நடுவுல குரு மெடிடேஷன் (அமிகாவோட க்ராஷ் ஸ்க்ரீன்) வந்து விழுது. ஏன்?

இந்த வரிசையில பாருங்க: பவர், கனெக்டர், சிம், அதுக்கப்புறம்தான் டைமிங். முதல் மூணுலயே முக்கால்வாசி கேஸ் முடிஞ்சுடும்.

டைமிங்னா என்னன்னு சொல்லிடறேன். 1200 மதர்போர்டு பல ரிவிஷன்ல வந்துச்சு, போர்டு மேலயே 1ஏ, 1பி, 1டி.1, 1டி.4, 2பி-ன்னு போட்டிருக்கும். இதுல சிலதுல ட்ராப்டோருக்குப் போற க்ளாக் சிக்னல்ல சின்ன கெப்பாசிட்டர் சேத்திருந்தாங்க, அது சிக்னலோட முனையை மழுக்கிடும், 020-க்கு அது பரவாயில்ல, வேகமான போர்டு தடுமாறும். இதுக்கான மாத்தத்துல அதிகமா அடிபடற பேரு ஈ123சி, ஈ125சி, ரெண்டையும் எடுத்துடுவாங்க. ஆனா எதை எடுக்கணும்ங்கறது மதர்போர்டு ரிவிஷனையும் நீங்க மாட்டற போர்டையும் பொறுத்து மாறும். போர்டு செஞ்சவங்க குடுத்த குறிப்புல இருந்தா மட்டும் பண்ணுங்க, யாரோ பண்ணாங்கன்னு நல்லா ஓடற மெஷின்ல கை வைக்காதீங்க.

060 மாட்டினேன், ஃப்ளாப்பில பூட் ஆகுது, ஹார்ட் டிஸ்க்ல ஆகல.

லைப்ரரி ஃபைல் இல்ல. முந்தைய ப்ராசஸர்ல இருந்த சில கட்டளைகளை 040-லயும் 060-லயும் சிப்புலேர்ந்து எடுத்துட்டாங்க, அதை சாஃப்ட்வேர்தான் செஞ்சு குடுக்கணும், அதுக்குத்தான் 68040 லைப்ரரி, 68060 லைப்ரரி எல்லாம். சிஸ்டம் ஆரம்பிக்கறப்ப செட்பேட்ச்ங்கற கமாண்ட்தான் 68040 லைப்ரரியைக் கூப்பிடும், அதனால 060 போர்டுக்காரங்க அதே பேர்ல வேற ஒரு ஃபைல் குடுப்பாங்க, அது போய் 68060 லைப்ரரியைக் கூட்டிட்டு வரும். ரெண்டு ஃபைலும் லிப்ஸ் டைரக்டரில இருக்கணும். போர்டை மாட்டறதுக்கு முன்னாடியே, பழைய ப்ராசஸர்ல ஓடறப்பவே இதைக் காப்பி பண்ணி வச்சுடுங்க, அப்புறம் ஃப்ளாப்பில பூட் பண்ணி அல்லாட வேணாம்.

பிசிஎம்சிஐஏல சிஎஃப் கார்டு வச்சிருந்தேன், 8 எம்பி போர்டு மாட்டினதும் அது காணாம போச்சு.

கார்டு கெடல, அட்ரஸ் மோதல். 68இசி020-க்கு 24 பிட் அட்ரஸ்தான், மொத்தமே 16 எம்பி இடம். அதுல விரிவாக்க ரேமுக்கு ஒதுக்கின 8 எம்பியில பின்பாதி 4 எம்பியை பிசிஎம்சிஐஏ எடுத்துக்கும். ரேம் 4 எம்பியோட நின்னா ரெண்டும் ஓடும், போர்டுல அதுக்கு ஜம்பர் இருக்கான்னு பாருங்க. முழு 32 பிட் அட்ரஸ் இருக்கற 030, 040, 060 போர்டுல ரேம் மேல எங்கயோ போய் உக்காரும், அங்க இந்தத் தொல்லை இல்ல.

சூடு?

030 வெதுவெதுன்னு இருக்கும், அது பரவாயில்ல. 040 நல்லா கொதிக்கும், ஹீட் சிங்கும் ஃபேனும் இல்லாம ஓட்டவே கூடாது. 060-ஐ 50-ல வச்சா ஹீட் சிங்க், க்ளாக் ஏத்தினா ஃபேன். ட்ராப்டோர் அடியில இருக்கறதால சூடு போக வழியே இல்ல, மெஷினுக்குக் கீழ ரப்பர் கால் வச்சு கொஞ்சம் உசத்தினா காத்து போகும்.

பழைய கேம்ஸ் ஓடலையே?

பூட் பண்றப்ப மவுஸோட ரெண்டு பட்டனையும் பிடிச்சுட்டு இருந்தா ஒரு மெனு வரும், அதுல ப்ராசஸர் கேஷை ஆஃப் பண்ணிப் பாருங்க. பிளிஸ்ஸார்ட் 1230 மார்க் 4-ல ரீசெட் பண்றப்ப 2 கீயை அழுத்திப் பிடிச்சா போர்டே ஒதுங்கிக்கும், மெஷின் பழைய 020-ல ஓடும். ஹார்ட் டிஸ்க் இருந்தா டபிள்யூஹெச்டிலோட்ல (பழைய ஃப்ளாப்பி கேமை ஹார்ட் டிஸ்க்லேர்ந்து ஓட்டற புரோகிராம்) கேமை இன்ஸ்டால் பண்றது இன்னும் நல்ல வழி, அங்க ஒவ்வொரு கேமுக்கும் இந்தக் கோளாறெல்லாம் சரி பண்ணித்தான் வச்சிருக்காங்க.

இதெல்லாம் விட பைஸ்டார்ம் மாட்டினா ஈஸியா?

பைஸ்டார்ம்32 லைட்டும் இதே ட்ராப்டோர்லதான் மாட்டறது, அதுல உக்கார்ற ராஸ்பெரி பை 4 அல்லது சிஎம்4 (ரெண்டும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு), எமு68 சாஃப்ட்வேரை ஓட்டி 68கே (68000 குடும்ப) ப்ராசஸரா நடிக்கும், எந்த நிஜ 060-ஐயும் விட வேகம். ஆனா பை-யும் அதே 5 வோல்ட் லைன்லேர்ந்துதான் குடிக்குது, அதனால மேல பிரிக் பத்திச் சொன்னதும் கெப்பாசிட்டர் பத்திச் சொன்னதும் இதுக்கும் அப்படியே பொருந்தும். நிஜ மோட்டோரோலா சிப்புதான் வேணும்னு நினைக்கறவங்க மனசும் எனக்குப் புரியுது, நானும் அந்தப் பக்கம்தான்.

போர்டைத் திரும்பக் கழட்டணும்னா?

மாட்டறதை விட கழட்டறப்பதான் அதிகம் உடையுது. ஒரே இழுப்புல இழுக்காதீங்க, இடது முனையைக் கொஞ்சம், வலது முனையைக் கொஞ்சம்னு ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டரா நகத்துங்க. ஸ்க்ரூடிரைவரை நடுவுல விட்டு நெம்பினா கீழ இருக்கற ட்ராக் அறுந்துடும். வரவே இல்லன்னா கேஸைத் திறந்து மதர்போர்டைத் தாங்கிட்டு இழுங்க. கழட்டின போர்டை ஆன்டி ஸ்டாட்டிக் கவர்ல போடுங்க, அதுல பேட்டரி இன்னும் இருந்தா கவர்ல போடறதுக்கு முன்னாடி அதை எடுத்துடுங்க.